அறுபத்தொன்றாவது வரி

க்ளெம் டிரிஃபிட் எதையும் லேசில் நம்புகிற ஆள் இல்லை. வானொலிக்காரன் இன்று வெயில் என்று சொன்னால் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டுதான் வாசலைத் தாண்டுவார். அவர் இருக்கும் சுரங்க ஊரான குவீன்ஸ்டவுனில் வருஷத்தில் முக்கால்வாசி நாள் மழை பெய்வதால் பெரும்பாலும் அவர் பக்கமே ஜெயிக்கும். அதனால் அவருடைய சந்தேகம் குறைய வழியே இல்லாமல் போயிற்று. வங்கியை நம்பமாட்டார். பல் டாக்டரை நம்பமாட்டார். தபாலாபீஸ் கடிகாரத்தையும் நம்பமாட்டார்.

அப்படிப்பட்டவர் எழுபத்தொரு வயதில் வாரம் இரண்டு நாள் ஒரு கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தது அதன் மேல் உள்ள ஆசையால் அல்ல. அதன் பித்தலாட்டத்தைக் கையும் களவுமாகப் பிடிக்கத்தான்.

ஊர் மண்டபத்தின் பின்னறையில் அந்த வருஷம், அதாவது எண்பத்தைந்தில், ஒரு கம்ப்யூட்டர் சங்கம் ஆரம்பித்திருந்தார்கள். சங்கம் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு பெட்டி, திரைக்குப் பதில் ஒரு பழைய டிவி, பக்கத்தில் ஒரு டேப் ரெக்கார்டர், சுவரில் யார் யாருக்கு எந்த நேரம் என்று பென்சிலால் எழுதிய ஒரு அட்டவணை. அந்தப் பென்சில் செயலாளர் டெஸ் ஃபார்லியுடையது. டெஸ் சுரங்க ஆபீசில் வேலை பார்ப்பவன். நாற்பது வயது. ஞாயிற்றுக்கிழமையும் டை கட்டுவான்.

அட்டவணையில் செவ்வாயும் வெள்ளியும் காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை க்ளெம்முக்கு. மனைவி எல்சி இறந்துபோய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. மற்ற ஐந்து நாளும் அவர் வாய் திறந்து பேசியது வீட்டு அடுப்போடு மட்டும்தான். அதுவும் அது எரியாதபோது. ஆகவே அந்த நான்கு மணி நேரம் அவருக்கு எவ்வளவு பெரிது என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. கேட்டிருந்தால், வெளியே மழை, உள்ளே ஹீட்டர் இருக்கிறது, அதனால் வருகிறேன் என்றிருப்பார்.

சங்கத்தில் எல்லாரும் விளையாடியது ஒரே விளையாட்டு. மெல்பர்னிலிருந்து தபாலில் வந்த டேப். கலங்கரைத் தீவு என்று பேர். அதில் படம் கிடையாது. எழுத்துதான். 'நீ கல் நிறைந்த கடற்கரையில் நிற்கிறாய். வடக்கே ஒரு பாதை போகிறது' என்று திரையில் வரும். வடக்கே போ என்று தட்டினால் போகும். தீப்பெட்டியை எடு என்றால் எடுக்கும். புரியாத எதையாவது தட்டினால் 'எனக்குப் புரியவில்லை' என்று சொல்லும். தீவின் அந்தக் கோடியில் அணைந்து கிடக்கும் கலங்கரை விளக்கை ஏற்ற வேண்டும். அதுதான் விளையாட்டு. நடுவில் ஒரு திருட்டுக் காகம் உண்டு. நினைத்த நேரத்தில் பறந்து வந்து கையிலிருக்கும் ஏதாவது ஒன்றைக் கொத்திக்கொண்டு போய்விடும்.

பெட்டியை அணைத்தால் அது எல்லாவற்றையும் மறந்துவிடும். அதனால் எல்லாரும் எழுந்து போகுமுன் 'சேமி' என்று தட்டி, ரெக்கார்டரின் இரண்டு பொத்தானையும் சேர்த்து அமுக்குவார்கள். நாலு நிமிஷம் டேப்பில் கீச்சென்று கத்தல் பதிவாகும். மறுமுறை வந்து அந்த டேப்பை ஓட்டினால், விட்ட இடத்தில் நிற்கலாம்.

க்ளெம் மட்டும் டேப்பைத் தொடவில்லை.

"ரெண்டு மணி நேரம் மண்டையை உடைச்சுக்கிட்டு நடந்ததை, ஒரு கத்தலை நம்பிக் குடுத்துட்டுப் போகணுமா? அது நாளைக்கு வேற மாதிரி கத்தினா என்ன பண்றது?" என்றார்.

அவரிடம் ஒரு சிவப்பு அட்டை நோட்டு இருந்தது. சுரங்கத்தில் ஷிப்ட் புத்தகமாக வைத்திருக்கும் வகை. ஓய்வு பெற்ற அன்று எழுதாத ஒன்றைக் கோட்டுக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். அதில் தான் தட்டிய ஒவ்வொன்றையும் எண் போட்டு எழுதினார். ஒவ்வொரு தடவையும் வந்ததும் சுவரில் சுவிட்சை அணைப்பார். முன்னால் உட்கார்ந்தவன் உள்ளே என்ன விட்டுவிட்டுப் போனானோ என்று சந்தேகம். பத்து எண்ணுவார். மறுபடி போட்டு, விளையாட்டை ஏற்றி, முதல் வரியிலிருந்து நோட்டில் உள்ளபடியே தட்டிக்கொண்டு போவார். பழைய இடம் வந்ததும் புதிய வரி. மற்றவர்கள் நாலு நிமிஷத்தில் போய்ச் சேரும் இடத்துக்கு அவருக்கு ஒரு மணி நேரம் ஆகும். முதுகுக்குப் பின்னால் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்றுதான் விட்டார்.

எல்லாவற்றையும் எழுதுகிற பழக்கம் அவருக்கு எப்படி வந்தது என்று அவருடைய இடது கையைப் பார்த்தாலே தெரியும். அதில் மூன்று விரல்தான்.

சுரங்கத்தில் ஒரு ஷிப்ட் முடிந்து ஏறும்போது அந்த ஷிப்டுக்குப் பொறுப்பான தலையாள் புத்தகத்தில் எழுதிவிட்டுப் போக வேண்டும்: எங்கே துளை போட்டோம், எதில் வெடிமருந்து வைத்தோம், எது வெடித்தது, எது வெடிக்கவில்லை. அடுத்த ஷிப்ட் ஆள் அதைப் படித்துவிட்டுத்தான் கீழே இறங்குவான். ஐம்பத்திரண்டில் ஒரு தலையாள், வெடிக்காத துளை ஒன்றை எழுதாமல் போனான். எழுதினால் தன் வேலைக்குக் கெட்ட பேர் என்று வெட்கம். மறுநாள் காலை க்ளெம்மின் துளைக்கருவி அதன் மேல் போய் உட்கார்ந்தது.

அதற்குப் பிறகு க்ளெம் தலையாளாக இருந்த அத்தனை வருஷமும், நல்லதைச் சுருக்கமாகவும் கெட்டதை விரிவாகவும் எழுதினார். பதினொரு வருஷம் அதைப் படித்துவிட்டு அடுத்த ஷிப்டில் இறங்கியவர் வின்கோ பாபிச். இருவரும் வேலையில் நேருக்கு நேர் பேசியது குறைவு. ஒருவர் ஏறும்போது மற்றவர் இறங்குவார். ஆனால் க்ளெம்மின் கோழிக் கிறுக்கலை இந்த ஊரில் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் வின்கோதான். இப்போது அவர் ஊர் மண்டபத்தின் காவலாளி. கூட்டுவது, பூட்டுவது, தேநீர் அண்டாவைக் கொதிக்கவைப்பது எல்லாம் அவர் வேலை.

தகராறு ஒரு செவ்வாய்க்கிழமை ஆரம்பித்தது. டெஸ் தட்டச்சு வகுப்பு ஒன்று நடத்தத் திட்டம் போட்டிருந்தான். அதற்குக் காலை நேரம் வேண்டும்.

"மிஸ்டர் டிரிஃபிட், இந்த மெஷின் உருப்படியான வேலைக்கு வாங்கினது. நீங்க ரெண்டு விரலை வெச்சுக்கிட்டு ஒரு மணி நேரம் பழைய பாதையிலயே நடக்கறீங்க. ஏழு மாசத்துல எங்க போய்ச் சேர்ந்தீங்க?"

"கலங்கரை விளக்கு வாசல்ல."

டெஸ் சிரித்துவிட்டான். அவனே ஏழு மாதமாகக் கடல் குகையில் மாட்டிக்கொண்டு கிடக்கிறான். ஊரில் யாரும் குகையைத் தாண்டவில்லை.

"சொல்றதுக்கு என்ன, யார் வேணா சொல்லலாம்."

"என்னைப் பொய்யன்னு சொல்றியா தம்பி?"

"நான் ஒண்ணும் சொல்லல. வர்ற ஞாயித்துக்கிழமை சங்கத்தை எல்லாருக்கும் திறந்துவிடறோம். ஊரே வரும். விளக்கு அறையை எல்லாருக்கும் காட்டுங்க. காட்டிட்டா உங்க நேரத்துல நான் கை வைக்கல, நீங்க இருக்கற வரைக்கும். காட்ட முடியலைன்னா செவ்வாயும் வெள்ளியும் வகுப்புக்கு. ஆனா டேப்புல கொண்டு வரணும். ஒரு மணி நேரம் நீங்க தட்டறதை வேடிக்கை பார்க்க யாருக்கும் பொறுமை இல்ல."

க்ளெம்முக்கு டேப் பிடிக்கவில்லை. ஆனால் ஒத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது, இருநூற்றுப் பன்னிரண்டாவது வரியில், அவர் விளக்கு அறைக்குள்ளேயே காலை வைத்துவிட்டார். சுற்றிப் பார்க்கக்கூட நேரமில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாகச் 'சேமி' என்று தட்டினார். கத்தி முடித்ததும் டேப்பை வெளியே எடுத்தார். டேப்பின் முதுகில் இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் நாக்கை உடைத்துவிட்டால் அதன் மேல் வேறெதுவும் பதிவாகாது என்று மற்றவர்கள் உடைப்பார்கள். நல்ல பொருளை எதற்கு உடைக்க வேண்டும் என்று அவர் உடைக்கவில்லை. பேர் எழுதி ஒட்டவும் இல்லை. பேர் எழுதினால் யாருடையது என்று தெரியும். தெரிந்தால் எவனாவது ஏதாவது செய்வான். வெறும் டேப்பாக மேஜை இழுப்பறையில், மற்ற டேப்புகளுக்கு அடியில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் பின்னறையில் நிற்க இடமில்லை. தேவாலயத்திலிருந்து நேரே வந்தவர்கள், கையில் ஸ்கோன் ரொட்டியும் தேநீரும். பாதிரியார் மனைவி திருமதி பைபஸ் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். மூன்று மணிக்கு மண்டபம் அவருடைய உருட்டுப்பந்துக் கூட்டத்துக்கு. பந்தை உருட்ட நீளப் பாய் விரிக்க வேண்டும் என்று வந்ததுமே சொல்லிவிட்டார்.

ஒரு மணிக்கு டெஸ் விளையாட்டை ஏற்றினான். க்ளெம் இழுப்பறையின் அடியிலிருந்து தன் டேப்பை எடுத்துக் கொடுத்தார். ரெக்கார்டரின் பொத்தானை அமுக்கியதும் கீச்சொலி வர வேண்டும்.

வந்தது ஒரு மனிதக் குரல்.

'பந்து பாபிச்சிடம்... சல்லிக்கல் மைதானத்தில் விழுந்தார், எழுந்தார், முழங்காலைப் பாருங்கள், ரத்தம்... அடித்தார்... கோல்!'

அறை மொத்தமும் நேற்றைய கால்பந்து ஆட்டத்தைக் கேட்டது. கதவருகே தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த வின்கோவின் கையில் குவளை நிரம்பி வழிந்தது.

"க்ளெம்," என்றார். "அது உன்னுதா?"

"நீ என்ன பண்ணின?"

"நேத்து ரேடியோவுல மேட்ச். என் மகன் அஞ்சு கோல் போட்டான். காலி டேப் தேடினேன். இது ஒண்ணுலதான் பேர் இல்ல. நாக்கும் உடைக்கல. காலின்னு நினைச்சேன்யா."

யாரோ பின்னால் கெக்கலித்தார்கள். டெஸ் சிரிக்கவில்லை. அதைவிட மோசமான ஒன்றைச் செய்தான். வருத்தப்பட்ட முகத்தோடு சுவருக்குப் போய், பென்சிலின் பின்பக்க ரப்பரால் செவ்வாயில் இருந்த க்ளெம்மின் பேரை அழித்தான்.

"துரதிர்ஷ்டம் மிஸ்டர் டிரிஃபிட். யார் மேலயும் தப்பு இல்ல."

க்ளெம் கோட்டுக்குள் கை விட்டுச் சிவப்பு நோட்டை எடுத்து மேஜை மேல் போட்டார்.

"வெள்ளியை அழிக்கறதுக்கு முன்னால கொஞ்சம் பொறு. மூணு மணி ஆகட்டும்."

"அதுல பிரயோஜனம் இல்லையே. நீங்க அதே வார்த்தையைத் தட்டினாலும் காகம் அதே மாதிரி வராது. பெட்டி ஒவ்வொரு தடவையும் உள்ளுக்குள்ள பகடை உருட்டுது. எப்ப வரும், எதைக் கொத்தும்னு யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியும். பெட்டியை அணைச்சுப் போட்டா, பதினாலாவது வரியில வரும். பருத்திக் கயித்தைக் கொத்திக்கிட்டுப் போகும். ஏழு மாசமா அப்படித்தான்."

"அது தற்செயல்."

"ஏழு மாசம் தற்செயலா? பகடைன்னா நான் பார்த்திருக்கேன் தம்பி. இது பகடை இல்ல, பகடைன்னு பேர் வெச்ச பித்தலாட்டம். ஒரு வார்த்தைக்கு ஒரு உருட்டு. ஒவ்வொரு தடவையும் அதே வரிசையில உருட்டுது. வந்த முதல் மாசமே பிடிச்சுட்டேன்."

டெஸ் படித்தவன். அவர் சொன்னது நடக்கக்கூடியது என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. ஆனால் மணி ஒன்று இருபது ஆகிவிட்டது, மூன்றுக்கு மண்டபத்தை விட வேண்டும்.

வழக்கமாக க்ளெம் நோட்டைப் பார்க்கக் கண்ணாடி போடுவார், கீபோர்டைப் பார்க்கக் கண்ணாடியைக் கழற்றுவார். அதற்கே பாதி நேரம் போகும். வின்கோ தேநீர்க் கெட்டிலைக் கீழே வைத்துவிட்டு, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு நோட்டைக் கையில் எடுத்தார்.

"நான் படிக்கிறேன். நீ தட்டு."

க்ளெம் அவரை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சுவரில் சுவிட்சை அணைத்தார். பத்து எண்ணினார். மறுபடி போட்டு விளையாட்டை ஏற்றினார்.

"ஒண்ணு. வடக்கே."

"சரி."

"ரெண்டு. தீப்பெட்டியை எடு."

பதினாலாவது வரியில் காகம் வந்தது. பருத்திக் கயிற்றைக் கொத்திக்கொண்டு பறந்தது. அறையில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. டெஸ் டையைத் தளர்த்தினான்.

நாற்பது போயிற்று, அறுபது போயிற்று. வின்கோவின் குரல் நிதானமாக ஓடியது, சுரங்கத்தில் பேர் வாசிக்கிற மாதிரி. க்ளெம்மின் ஐந்தும் மூன்றுமான விரல்களில் இரண்டு மட்டும் எழும்பி விழுந்தன. குகை வந்தது. தொண்ணூற்றைந்தாவது வரியில் திரை சொன்னது: 'காகம் வருகிறது. உன் தீப்பெட்டியைக் கொத்திக்கொண்டு போகிறது.'

தீப்பெட்டி இல்லாமல் குகையைத் தாண்ட முடியாது.

"பார்த்தீங்களா," என்றான் டெஸ், மெதுவாக. "பகடைதான்."

க்ளெம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். செவ்வாய் போயிற்று, வெள்ளி போயிற்று, அடுப்போடு பேச வேண்டியதுதான். ஆனால் அடுத்த கணமே பழைய சந்தேகம் தலையைத் தூக்கியது. பெட்டி ஏழு மாதம் ஒரே மாதிரிப் பொய் சொன்னது. இன்றைக்கு மட்டும் மாற்றிச் சொல்லாது. தப்பு வேறெங்கோ.

மெல்லத் திரும்பி வின்கோவைப் பார்த்தார். வின்கோவின் காது இரண்டும் சிவந்திருந்தன.

"எதை விட்ட?"

"ஒண்ணும் விடல."

"வின்கோ."

"அறுபத்தொண்ணு," என்றார் வின்கோ, நோட்டைப் பார்த்துக்கொண்டே. "அது வார்த்தை இல்லய்யா, வசவு. அதுக்கப்புறம் வந்த வசவையும் விட்டேன். பெட்டியும் புரியலைன்னுதான் சொல்லப்போகுது. திருமதி பைபஸ் உட்கார்ந்திருக்காங்க. எப்படிப் படிக்கறது?"

க்ளெம் இடது கையை உயர்த்தி, மூன்று விரலையும் அவர் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டினார்.

வின்கோ பார்த்தார். அவருக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. பதினொரு வருஷம் அந்தக் கையெழுத்தைப் படித்து உயிரோடு ஏறி வந்தவர் அவர்.

"புரியாத வார்த்தைக்கும் ஒரு உருட்டு உண்டு," என்றார் க்ளெம் மற்றவர்களிடம். "ஒரு உருட்டு குறைஞ்சா அதுக்கப்புறம் எல்லாமே இடம் மாறிப்போகும்."

மணி ஒன்று ஐம்பது. அணைத்துப் போட்டு, விளையாட்டை மறுபடி ஏற்ற ஆறு நிமிஷம்.

"மூணு மணிக்கு எனக்கு மண்டபம் வேணும்," என்றார் திருமதி பைபஸ். எல்லாரும் திரும்பினார்கள். அவர் ஸ்கோன் துகளை மடியிலிருந்து தட்டிவிட்டார். "அதனால சீக்கிரம் ஆரம்பிங்க. அப்புறம் மிஸ்டர் பாபிச், ஒண்ணையும் விடாம படிங்க. சுத்தியல் விரல்ல பட்டா எங்க வீட்டுக்காரர் சொல்றதை நான் முப்பது வருஷமா கேட்டுக்கிட்டிருக்கேன்."

சுவிட்ச் அணைந்தது. இந்தத் தடவை அறையே சேர்ந்து பத்து எண்ணியது.

வின்கோ எழுந்து நின்று படித்தார். பதினாலில் காகம் வந்தது. கயிறு போயிற்று. அறுபது வந்தது. வின்கோ தொண்டையைச் செருமினார்.

"அறுபத்தொண்ணு. நாசமாப் போன தகரப் பெட்டியே, உன் மூஞ்சியில என் பூட்ஸ் கால்."

'எனக்குப் புரியவில்லை' என்றது பெட்டி.

கூரை அதிரச் சிரிப்பு எழுந்தது. வின்கோ நிற்கவில்லை.

"அறுபத்திரண்டு. கிழக்கே. அறுபத்திமூணு. நெம்புகோலை இழு. அறுபத்திநாலு. இழுடா பன்னி. அறுபத்தஞ்சு. இழு."

எழுபத்தெட்டில் வந்தது உண்மையிலேயே மோசமான வார்த்தை. வின்கோ அதைச் சுரங்கத்தில் கூப்பிடுகிற குரலில் முழுசாகப் படித்தார். திருமதி பைபஸ் தேநீரை ஒரு வாய் குடித்து, "அது புதுசு," என்றார். எண்பதுக்கு மேல் கூட்டமே ஒவ்வொரு வசவுக்கும் பெட்டியோடு சேர்ந்து 'எனக்குப் புரியவில்லை' என்று பாடத் தொடங்கியது.

தொண்ணூற்றைந்து வந்தபோது மட்டும் அறை அடங்கியது. க்ளெம் தட்டினார். காகம் வரவில்லை. தொண்ணூற்றாறு. வரவில்லை. தொண்ணூற்றேழு, தீக்குச்சியைக் கிழி. 'குச்சி எரிகிறது. குகையின் மறுபக்கம் ஒரு ஏணி தெரிகிறது.'

"ஏணி," என்றான் டெஸ். ஏழு மாதம் அந்தக் குகையில் கிடந்தவன் அவன். நாற்காலிகளை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து நின்றுவிட்டான். "அங்க ஏணியா இருக்கு?"

"தள்ளி நில்லு, வெளிச்சம் மறைக்குது."

நூற்றைம்பதில் எண்ணெய் டப்பா கிடைத்தது. நூற்றுத் தொண்ணூறில் வாசல். மூன்று மணிக்குப் பதின்மூன்று நிமிஷம் இருக்கும்போது வின்கோ சொன்னார்: "இருநூத்துப் பன்னெண்டு. மேலே ஏறு."

'நீ விளக்கு அறையில் நிற்கிறாய். நடுவில் பெரிய விளக்கு, அணைந்து கிடக்கிறது. கண்ணாடிக்கு வெளியே புயலில் ஒரு கப்பல் பாறையை நோக்கி வருகிறது.'

கைதட்டல் ஓய்ந்ததும் வின்கோ பக்கத்தைப் புரட்டினார்.

"இதுக்கு மேல ஒண்ணும் இல்லய்யா. வெறும் தாள்."

"காட்டிட்டாரே," என்று யாரோ சொன்னார்கள். "பந்தயம் முடிஞ்சுது."

"கப்பல் வருதே," என்றார் திருமதி பைபஸ், கடுமையாக. "அதை அப்படியே விட்டுட்டுப் போறதா?"

க்ளெம் பேனாவை எடுத்தார். எழுதினார். பிறகு தட்டினார். விளக்கில் எண்ணெய் ஊற்று. ஊற்றியது. விளக்கை ஏற்று. 'திரி நனைந்து அழுகிப்போயிருக்கிறது. பற்றவில்லை. கப்பல் நெருங்குகிறது.' தீப்பெட்டியில் இன்னும் ஒரே குச்சிதான் என்றது.

ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். சட்டையைக் கிழி என்றார்கள். கீழே போ என்றார்கள். டெஸ் காகிதத் திரி என்றான். க்ளெம்முக்கு எதுவும் காதில் ஏறவில்லை. புது இடத்துக்குள் காலை வைத்ததும் சுரங்கத்துக்காரன் முதலில் என்ன செய்வான் என்று யோசித்தார். நாற்பது வருஷம் அவர் செய்தது ஒன்றே ஒன்று. வெள்ளிக்கிழமை அவசரத்தில் அதைச் செய்யாமல் விட்டிருந்தார். சுவரையோ தரையையோ பார்ப்பதற்கு முன்னால், தலைக்கு மேல் எது தொங்குகிறது என்று பார்ப்பார்கள்.

மேலே பார் என்று தட்டினார்.

'உத்தரத்தின் மேல் காகத்தின் கூடு. உள்ளே: ஒரு கரண்டி, ஒரு பித்தளைப் பொத்தான், ஒரு பருத்திக் கயிறு. கயிறு காய்ந்திருக்கிறது.'

வின்கோ நோட்டை முதல் பக்கத்துக்குப் புரட்டினார்.

"பதினாலு," என்றார் வின்கோ, தாழ்ந்த குரலில்.

ஊரில் எல்லாரும் காகத்தோடு மல்லுக்கட்டிக் கயிற்றைக் காப்பாற்றி, குகையின் ஈரத்தில் நனைத்துத் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள். க்ளெம் மட்டும் அதன் போக்கில் கொண்டுபோக விட்டிருந்தார், வரும் என்று முன்பே தெரிந்ததால். கயிற்றை எடு. கயிற்றைத் திரியாக வை. கடைசிக் குச்சியைக் கிழி.

'விளக்கு எரிகிறது. கடல் முழுக்க வெளிச்சம். கப்பல் திரும்புகிறது.'

அதற்குப் பிறகு என்ன சத்தம் என்று பிரித்துச் சொல்ல முடியாது. யாரோ அந்த மேட்ச் டேப்பை ரெக்கார்டரில் போட்டுத் தட்டிவிட, வின்கோவின் மகன் மறுபடி ஒரு கோல் போட்டான். அதற்கும் சேர்த்துக் கத்தினார்கள். வின்கோ தன் பழைய கூட்டாளியைத் தோளோடு பிடித்து உலுக்கினார். திருமதி பைபஸ் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு அவரும் கைதட்டினார். அன்று உருட்டுப்பந்து கால் மணி தாமதமாகத்தான் தொடங்கியது.

திரையின் அடியில் கடைசியாக ஒரு கேள்வி மினுக்கிக்கொண்டிருந்தது: 'உன் நிலையைச் சேமிக்கட்டுமா?'

க்ளெம் 'வேண்டாம்' என்று தட்டினார். பிறகு நோட்டை வாங்கி, கண்ணாடி போட்டு, ஒவ்வொரு வரியையும் எண் போட்டு முடித்தார். கடைசி வரியில் ஷிப்ட் முடிந்து ஏறும்போது எழுதுகிறபடியே எழுதினார்: இருநூற்றுப் பத்தொன்பது. விளக்கு எரிகிறது. வெடிக்காத துளை ஏதுமில்லை.

டெஸ் பக்கத்திலேயே நின்றான். டை தோளுக்கு மேல் போயிருந்தது.

"மிஸ்டர் டிரிஃபிட்... அந்த நோட்டை ஒரு நாள் இரவல் குடுப்பீங்களா?"

"நீ திருப்பித் தருவேன்னு எப்படி நம்பறது?"

"நம்ப வேண்டாம். இங்கயே உட்கார்ந்து படிக்கிறேன்."

"உனக்கு என் எழுத்து புரியாது. வின்கோவைக் கூட்டிக்கிட்டு வா. செவ்வாய்க்கிழமை. பத்து மணிக்கு நான் இருப்பேன்."

டெஸ் சுவருக்குப் போய், அழித்த கட்டத்தில் எழுதப் பென்சிலை எடுத்தான். க்ளெம் அவன் கையை விலக்கிவிட்டு, தன் பேனாவால், மையில், கட்டம் கொள்ளாமல் பெரிதாகத் தன் பேரைத் தானே எழுதினார். வெள்ளிக்கிழமைக் கட்டத்திலும் பென்சில் பேரின் மேலேயே ஒருமுறை எழுதினார். மை காய்ந்துவிட்டதா என்று விரலால் தொட்டுப் பார்த்த பிறகுதான் மழைக்கோட்டை எடுத்தார்.

வெளியே நல்ல வெயில் அடித்தது. அவர் கோட்டின் பொத்தானைக் கழுத்து வரை போட்டுக்கொண்டு இறங்கிப் போனார்.